ஓரத்து மஞ்சள்

பேரம் என்று வந்துவிட்டால் காமாக்ஷிக்குக் கண்மண் தெரியாது. கடைக்காரன் சொன்ன விலைக்கே அவள் ஒரு சாமான் வாங்கினாள் என்று ஜனக்புரியில் எந்தக் காய்காரனும் இருபத்தெட்டு வருஷத்தில் சொன்னது கிடையாது. அவள் கணவர் வேதாந்தம் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பேரம் ஆரம்பித்தாலே நாலு கடை தள்ளிப் போய் யாரோ போல நின்றுகொள்வார். அந்தப் பேரப் புத்திதான் போகிக்கு முந்தின நாள் அவளைக் கவிழ்த்தது.

போகிக்குப் பழையதைக் கழிக்க வேண்டும். வேறு ஊர்களில் கொளுத்துவார்கள். தில்லியில் ஜனவரி மாதத்துப் புகைக்கே மூச்சு முட்டுகிறது, இதில் நாமும் கொளுத்தினால் போலீஸ் வரும். அதனால் காமாக்ஷி வீட்டுப் பழந்துணி வருஷா வருஷம் சவிதா பென்னுக்குப் போய்விடும். சவிதா பென் தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையும் தோளில் துணி மூட்டையுமாகக் காலனி காலனியாக நடக்கிறவள். பழைய துணி கொடுத்தால் புதுப் பாத்திரம். இருவருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம், பதினைந்து வருஷச் சண்டை.

அன்றைக்குக் காமாக்ஷி கண் வைத்தது மூடி போட்ட, அடி கனத்த ஒரு பாத்திரத்தின் மேல். புதுப் பொங்கலுக்குப் புதுப் பாத்திரம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள். வேதாந்தத்தின் சஃபாரி சூட் இரண்டு, மகன் பத்ரியின் ஜீன்ஸ் மூன்று, தன் புடவை நாலு, எல்லாம் எடுத்துப் போட்டாள். சவிதா பென் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“ஏக் அவுர் தே தோ, தீதி.”

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. காமாக்ஷி வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சோபாவின் கைப்பிடியில் ஒரு பச்சைக் கம்பளிக் கோட் கிடந்தது. ஏதோ பூச்சி அரித்த பழசு என்று, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் எடுத்து மூட்டைமேல் போட்டாள். பாத்திரம் கைக்கு வந்தது. மத்தியானம் முழுவதும் அதைத் தட்டித் தட்டி ஓசை கேட்டு மகிழ்ந்தாள்.

அந்தக் கோட் மருமகள் ஸ்நேகாவுடையது.

ஸ்நேகா ஆவணியில் கல்யாணமாகி வந்தவள். மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் பாதி ஹிந்தி. ஆபீஸில் கை நிறையச் சம்பளம். சனிக்கிழமையானால் சரோஜினி நகருக்கும் ஜன்பத்துக்கும் போய், மலைமாதிரிக் குவித்திருக்கும் பழந்துணிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி எதையாவது இழுத்துக்கொண்டு வருவாள். முப்பது வருஷத்துக்கு முந்திய சட்டை, பிடி அறுந்த பை, யாருடையதோ ஸ்வெட்டர். வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டு, அறுந்ததைத் தைத்து, கிழிந்த இடத்தில் பூ பின்னி, கண்ணாடி முன் நின்று சிரித்துக்கொள்வாள். ஒரு தடவை பையில் பழைய பித்தளைப் பொத்தான் ஆறு கிடைத்ததற்கு வீடே அதிரக் கூவினாள். வைரம் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு கூவியிருக்க மாட்டாள்.

யாரோ கழற்றிப் போட்டதை இந்தப் பெண் ஏன் பொறுக்கிக்கொண்டு வருகிறது என்பது காமாக்ஷிக்கு விளங்கவில்லை. வாய்விட்டுக் கேட்டதுமில்லை. மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். அந்த மரியாதைதான் காமாக்ஷிக்குப் பிடிக்கவில்லை. ‘டீ சாப்பிடறேளா, போறுமா, தேங்க்ஸ்ம்மா’ என்று ஒரு பெண் எத்தனை நாள் விருந்தாளியாகவே இருப்பாள்? சண்டை போடுவதற்குக்கூட ஒரு நெருக்கம் வேண்டியிருக்கிறது. பத்ரியை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவள், இவளை இன்னும் ஒரு ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் ஸ்நேகா வந்தாள். சோபாவைப் பார்த்தாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள், மூடினாள்.

“அம்மா, என்னோட க்ரீன் கோட் பாத்தேளா? ஒரே ஒரு பொத்தான் தைக்கணும்னு இங்கதான் வெச்சேன்.”

காமாக்ஷியின் கை அடுப்பங்கரையில் அப்படியே நின்றது. மேடைமேல் புதுப் பாத்திரம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவளுக்குப் பேரம்தான் வரும், பொய் வராது.

“நான்தான் குடுத்துட்டேன். பாத்திரக்காரிக்கு. பழசுன்னு நெனச்சுண்டு…”

ஸ்நேகா பாத்திரத்தைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள், கத்துவாள் என்று காமாக்ஷி காத்திருந்தாள்.

“அச்சா. பரவாயில்லைம்மா,” என்றாள் ஸ்நேகா. சிரிக்கவும் செய்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு மாதமாக அந்தப் பெண் ராப்பகலாக அந்தக் கோட்டைத்தான் மடியில் வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் காமாக்ஷிக்கு உறைத்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வாரம் கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “அம்மா, பொங்கலுக்கு இதைப் போட்டுக்கப் போறேன். நீங்க புதுத் துணிக்கு ஓரத்துல மஞ்சள் வெப்பேளே, இதுக்கும் வெச்சுத் தரேளா?” என்று கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளாக வந்து கேட்ட ஒரே விஷயம் அது. காமாக்ஷி சிரித்துக்கொண்டே, “யாரோ உடுத்திக் கழட்டினதுக்கு மஞ்சளா? புதுசுக்குத்தான் வெக்கணும்” என்று சொல்லிவிட்டு ரசத்தை இறக்கப் போய்விட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போதே கோட்டைத் திரும்பப் பிடிக்க வழி தேடினாள். சவிதா பென்னின் போன் நம்பர் கிடையாது. ஆனால் பழந்துணியெல்லாம் விடியற்காலையில் ரகுபீர் நகர் மண்டியில் விற்றுப் போகும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். வேதாந்தத்திடம் விஷயத்தைச் சொன்னபோது, “கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?” என்றார்.

“நமஸ்காரத்துக்குச் சூரியன் வரதுக்கு முன்னாடியே போறேன், நீங்க சும்மா இருங்கோ.”

காலை ஐந்தரைக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பியவள், ஸ்நேகாவின் கதவைத் தட்டினாள். அந்தப் பெண் தூங்கியிருக்கவில்லை என்று முகமே சொன்னது. “வா, போய்த் தேடலாம்” என்றாள் காமாக்ஷி. ஸ்நேகா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மண்டியில் பனிமூட்டத்துக்குள் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. தரையெல்லாம் துணி. தில்லி நகரமே தன் பீரோவைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல இருந்தது. சேலை ஒரு குவியல், பேன்ட் ஒரு குவியல், கல்யாணக் கோட்டுகள் ஒரு பக்கம், குழந்தை ஸ்வெட்டர் ஒரு பக்கம். இதற்கு நடுவில் சவிதா பென்னைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் சஃபாரி சூட்டை விற்றுக்கொண்டிருந்தாள்.

“கோட்டா? எந்தக் கோட்? காலையில் பத்து கோட் போச்சு. என்ன போட்டிருந்தது அதில்?” என்று ஹிந்தியில் கேட்டாள்.

“பச்சை,” என்றாள் காமாக்ஷி. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு மாதம் கண்ணெதிரே தைக்கப்பட்ட துணி. ஒரு தடவைகூட விரித்துப் பார்த்ததில்லை.

ஸ்நேகா சொன்னாள். இடது தோளில் ஒரு சிட்டுக்குருவி. கையில் வேப்பிலை ஒரு கொத்து, கீழே உதிர்ந்த இலை மூன்று. முதுகில் பதினோரு பூச்சி ஓட்டை இருந்தது, அந்தப் பதினொன்றும் இப்போது பதினோரு நட்சத்திரம். பாக்கெட் பக்கத்தில் மட்டும் ஒரு ஓட்டையை மூடாமல் சுற்றிச் சிவப்பு நூல் ஓட்டி விட்டிருக்கிறாள், அது அந்தக் கோட்டை முன்னால் போட்டிருந்தவரின் ஞாபகமாக. சொல்லச் சொல்ல அவள் விரல் காற்றில் தைத்துக்கொண்டே இருந்தது.

“அட, குருவிக் கோட்டா!” என்றாள் சவிதா பென். “அது முதலிலேயே போய்விட்டது. கோட் வரிசையில், மீசைக்காரரிடம்.”

கோட் வரிசை நீளம். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள். தேடுகிற சாக்கில் காமாக்ஷி நாலு குவியலைப் புரட்டினாள். நல்ல நூலைத் தொட்டால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். இது கலப்படம், இது சுத்தக் கம்பளி, இது கையால் பின்னினது. ஒரு அரக்கு நிற ஸ்வெட்டரில் விரல் போய் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருத்தி பொறுமையாகக் கண்ணி கண்ணியாகப் பின்னியிருந்தாள். ஒரு பொத்தான் இல்லை, அவ்வளவுதான். கோட்டைத் தேட வந்த இடத்தில் இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு, பாதி விலைக்குக் கேட்டு, அதிலும் பாதிக்கு வாங்கிவிட்டாள். ஸ்நேகா ஏன் சனிக்கிழமைதோறும் ஓடுகிறாள் என்பது அந்த நிமிஷத்தில் பாதி விளங்கிவிட்டது.

மீசைக்காரர் காமாக்ஷி தேடிய பக்கத்தில்தான் இருந்தார். குருவிக் கோட்டைக் குவியலில் போடவில்லை. தனியாக ஒரு வெள்ளைத் துணியில் மடித்துப் பின்னால் வைத்திருந்தார்.

“இது விற்பனைக்கு இல்லை, ஆண்ட்டிஜி. கைவேலை. எட்டு மணிக்கு ஷோரூம் ஆள் வருவார், அவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.”

காமாக்ஷி கெஞ்சினாள். இது எங்கள் வீட்டுக் கோட், தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றாள். நல்ல சாமானைப் பார்க்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் மீசைக்காரர். வேண்டுமானால் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று கையில் கொடுத்தார்.

அப்போதுதான் முதல் தடவையாகக் காமாக்ஷி அந்தக் கோட்டை விரித்துப் பார்த்தாள். குருவி இருந்தது. அதன் கண்ணுக்கு ஒரு கறுப்பு முடிச்சு. வேப்பிலையில் நரம்புகூட ஓடியது. நட்சத்திரத்தை எண்ணினாள், பதினொன்று. எந்தத் துணியை எடுத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையல் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கீழ் ஓரத்தைத் திருப்பினாள்.

உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு விரல்நுனி அளவுக்கு மஞ்சள் இருந்தது.

இவள் வைக்க மாட்டேன் என்றதும் அந்தப் பெண் தானே குழைத்துத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. மஞ்சளும் சரியாகக் குழைக்கத் தெரியவில்லை, திட்டுத் திட்டாக இருந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒளித்து வேறு வைத்திருக்கிறது. காமாக்ஷி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பாவி, ஒரு பொட்டு மஞ்சள்தானே கேட்டாள், என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

“க்யா ஹுவா?” என்று எட்டிப் பார்த்தார் மீசைக்காரர். பார்த்தவர் முகம் விழுந்தது. “அரே! ஹல்தி கா தாக்?”

மஞ்சள் கறை. தில்லியில் எந்த வியாபாரியைக் கேட்டாலும் சொல்வான், எண்ணெய் போகும், மை போகும், மஞ்சள் மட்டும் போகாது. ஷோரூம்காரன் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் தொடமாட்டான். மீசைக்காரர் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் அசையவில்லை.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றபோதும் காமாக்ஷியின் வாய் தன் வேலையை மறக்கவில்லை. “போகவே போகாது, பாயி சாப்,” என்றாள். “ஒரு பொத்தான் வேறு குறைகிறது, பாருங்கள். என்ன விலை சொல்லுங்கள்.”

மூச்சு வாங்க ஓடிவந்த ஸ்நேகா, கோட்டைப் பார்த்ததும் மீசைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுக்கப் பையைத் திறந்தாள். காமாக்ஷி அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

“சும்மா இருடி. நான் பேசிண்டிருக்கேனோல்லியோ?”

ஸ்நேகா சும்மா இருந்தாள். அவள் முகத்தில் கிளம்பிய சிரிப்பு, கோட் கைக்கு வந்து, ஆட்டோ பிடித்து, ஜனக்புரி வந்து சேரும்வரை அடங்கவில்லை. வழியில் காமாக்ஷி, “உள்ள மஞ்சள் பாத்தேன்” என்றாள்.

ஸ்நேகாவுக்குக் காது சிவந்துவிட்டது. “ஸாரிம்மா. பழசுக்கு வெக்கக் கூடாதுன்னேள். ஆனா இது எனக்குப் புதுசு இல்லையா… இந்த உலகத்துலயே இது மாதிரி இன்னொண்ணு கிடையாதே.”

காமாக்ஷி தன் பையைத் திறந்தாள். அரக்கு ஸ்வெட்டரை எடுத்து அவள் மடியில் போட்டாள். “இதுக்கு ஒரு பொத்தான் தெச்சுக் குடு. அந்தப் பித்தளைப் பொத்தான் ஆறு இருக்கே, அதுல ஒண்ணு.”

“ஒண்ணு எதுக்கு? ஆறையும் மாத்திடலாம்!” என்று கூவினாள் ஸ்நேகா. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் பொங்கல். குளித்துவிட்டு வந்த காமாக்ஷி சுவாமி அறை முன்னால் மணை போட்டு எல்லார் துணியையும் அடுக்கினாள். வேதாந்தத்தின் வேஷ்டி, பத்ரியின் சட்டை, தன் புடவை, ஸ்நேகாவின் பட்டு. அதன்மேல் பித்தளைப் பொத்தான் ஆறும் மின்ன அரக்கு ஸ்வெட்டர். “இது எப்போ வாங்கினது? யாரோ போட்டுக் கழட்டினது மாதிரின்னா இருக்கு?” என்றார் வேதாந்தம். “எனக்குப் புதுசு,” என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஸ்நேகா, அந்தக் கோட் எங்கடி?”

ஸ்நேகா தயங்கிக்கொண்டே கொண்டுவந்தாள். காமாக்ஷி அதை மடியில் வைத்து விரித்து, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, குருவிக்கு நேர் கீழே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

“அம்மா! உள்ள ஏற்கெனவே இருக்கே!”

“அது நீ வெச்சது,” என்றாள் காமாக்ஷி. “இது நான் வெக்கறது.”