எல்லாம் இழந்தவள்

கூடத்தின் தரை அப்படி மினுங்கியது. மேலேயிருந்த நீல விளக்குகளின் ஒளி அதில் நெளிந்து கிடக்க, தையல்காரி தன்னையறியாமல் உடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலடி வைத்த பிறகுதான் அங்கே தண்ணீர் இல்லை என்று உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. எரிந்த ஆலை, முள்வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தையின் செருப்பு என்று ஊரார் துயரங்களின் முன்னால் எல்லாரும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களின் கண்காட்சி அது. அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒருத்திதான், “அக்கா, வெள்ளத்துல எடுத்த உங்க படத்த செவுரு முழுக்க மாட்டியிருக்காங்க, போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் “எனக்கெதுக்கு?” என்றார். பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் ஊரோடு பேசித் தீர்த்துவிட்டாரோ என்னவோ, ஓய்வு பெற்று வந்தவரிடம் வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை. “சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு” என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் சார்பாக அவர் எழுந்து வருவார். ஒரே கூரையின் கீழ் இப்படி அந்நியமாகிப் போனோமே என்று தையல் போடும்போதே சில நாள் கண் கலங்கும்.

கடைசிச் சுவரில் அவள் இருந்தாள். செம்பழுப்பாய்த் தண்ணீர், இரண்டு பக்கமும் மூழ்கிய வீடுகள், நடுவே ஒரு ஆணின் முதுகில் தொற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்த ஒரு பெண். சுமப்பவரின் முகம் குனிந்திருந்தது, உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. கீழே ‘எல்லாம் இழந்தவள்’ என்று எழுதியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் மூக்கை உறிஞ்சினாள். “பாவம்ல ஆன்ட்டி? எப்படிக் கதறுறாங்க பாருங்க.”

“கதறலம்மா, சிரிக்கிறாங்க.”

அந்தப் பெண் திரும்பி முறைத்தாள். “இதப் பார்த்தா சிரிக்கிற மாதிரியா இருக்கு உங்களுக்கு?”

அது நான்தான் என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் நரைத்த தலையும் கண்ணாடியுமாக நிற்பவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அதைவிட, மறுபடி பார்த்தபோது அவளுக்கே அது சிரிப்பாகத் தெரியவில்லை. படத்திலிருந்தவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் அவளைச் சுமந்துகொண்டு, “ரைட், போலாம் ரைட்!” என்று கண்டக்டர் குரலில் அவர் கூவியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிதந்து வந்த அலமாரியைப் பார்த்து, “வழியில நிக்காத, உள்ள போ, உள்ள போ!” என்று அதட்டினார். அவளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அன்று வீடு போனது, தையல் மெஷின் போனது, கைக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்புதான். பேச்சில்லாத எத்தனையோ சாயங்காலங்களை அவள் அதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறாள். அதுவும் தானே தைத்துக்கொண்டதுதான் என்றால், இத்தனை வருடம் யாருடன் வாழ்ந்தாள்? தரை காலடியில் லேசாக ஆடுவது போலிருந்தது.

ஊரே அழுகை என்கிறது. இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. ஓரமாகப் போய் அவருக்குப் போன் போட்டாள்.

“குழாய மூடிட்டேன்” என்றார் எடுத்ததுமே; அவள் போன் போடுவதெல்லாம் இப்படி எதையாவது நினைவுபடுத்தத்தான்.

“அதில்லீங்க. அன்னைக்கு வெள்ளத்துல, உங்க முதுகுல இருந்தேன்ல... நான் அழுதேனா, சிரிச்சேனா?”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதன் சத்தம் நின்றது.

“சிரிச்ச. நீ குலுங்குனதுல எனக்குத் தோள்பட்டையே விட்டுப்போச்சு.”

அவளுக்கு மூச்சு வந்தது. போனை வைத்துவிடலாம் என்றிருந்தபோது அவரே பேசினார்.

“நான்தான் அழுதேன்.”

“என்னங்க சொல்றீங்க?”

“நடுவுல ரெண்டு எடத்துல காலுக்குத் தரை தட்டுப்படல. உன்ன விட்டுருவேனோன்னு பயம். அழுற சத்தம் உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான் அப்படிக் கத்திக்கிட்டே வந்தேன்.”

அவள் போனைக் காதோடு வைத்தபடியே படத்தின் முன்னால் வந்து நின்றாள். தன் முகத்தை இந்த முறை அவள் பார்க்கவில்லை. கல்லூரிப் பெண் விநோதமாகப் பார்க்க, குனிந்து, இன்னும் குனிந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்தே, கீழேயிருந்து அவர் முகம் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை.

“இருக்கீங்களா?” என்றாள்.

“இருக்கேன்.”

அவள் கண்ணுக்கு நேரே, தண்ணீருக்குச் சற்று மேலே, அவளுடைய முழங்காலைப் பின்புறமாக வளைத்துப் பிடித்திருந்தது அவருடைய கை. பிடித்த பிடியில் நகங்கள் ஐந்தும் வெளுத்திருந்தன.