வனிதா அக்கா காணாமல் போகவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்து பஸ். எந்த ரூட் என்று சொல்லப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும். கிடைத்தது என்றால் சும்மா இல்லை. பஸ்ஸையே நிறுத்தி, பாதி ஜனம் இறங்கி, ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கி, "பயப்படாதம்மா, வீட்டுக்குப் போயிறலாம்" என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்ன களேபரத்தில் கிடைத்தது.

அந்த அம்மாவுக்குப் பயமெல்லாம் இல்லை, ஆத்திரம். "நான் காணாமப் போகலைய்யா! வேலைக்குப் போறேன்!" என்று அவர் கத்தக் கத்த, ஜனங்களுக்கு இரக்கம் கூடிக்கொண்டே போனது. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?

2

முதல் வரியை இப்படி எழுதினேன்:

'ஐந்தடி இரண்டங்குல உயரம், மாநிறம், இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், பச்சை நிறச் சேலை உடுத்தியிருந்த அந்த...'

நிறுத்து, நிறுத்து. இது கதையா, இன்னொரு 'காணவில்லை' அறிவிப்பா? (வாசகரே, மேலே சொன்ன அடையாளமெல்லாம் பொய். மச்சத்தை நான்தான் வைத்தேன். தேடாதீர்கள்.)

சரி, அடையாளம் வேண்டாம், பெயராவது வேண்டுமே. மூக்காயி என்று வைத்தேன். "அது எங்க சின்னத்தா பேரு தம்பி. அவங்க வேற சண்டைக்கு வருவாங்க" என்று மறுத்து, வனிதா என்று அவரே வைத்துக்கொண்டார். ஆலங்குடிப் பக்கம். எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது.

3

நடந்தது இதுதான்.

வனிதா தையல் வேலை செய்கிறவர். கணவர் இல்லை, ஒரே மகன் வசந்தகுமார் குவைத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கேயோ கிளம்பிப் போனார். மகன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். மத்தியானத்துக்குள் அம்மாவின் படம், விலாசம், போன் நம்பர் எல்லாம் ஃபேஸ்புக்கில். அறையில் கூடத் தங்கியிருந்த பீட்டர் ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறான்: "மனநிலை சரியில்லாதவர்னு சேத்துப் போடுறா. அப்பத்தான் சனம் ஷேர் பண்ணும்." பிள்ளை அதையும் சேர்த்துப் போட்டுவிட்டான். பாசம்தான், வேறென்ன?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வனிதா வீட்டில். மகன் படத்தை அழித்தான். அழித்து என்ன செய்ய? அதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஏறி, கறம்பக்குடி மளிகைக்கடைக்காரர்கள் குழுவிலிருந்து நார்த்தாமலைத் திருவிழாக் குழு வரைக்கும் போய்விட்டது. 'அம்மா கிடைத்துவிட்டார்' என்று இன்னொரு பதிவும் போட்டான். அதைச் சீந்த நாதியில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த தொல்லை. வனிதா எங்கே கிளம்பினாலும் யாராவது பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மரியாதையாகத்தான், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து. (குணசேகரன் என்று ஒரு புண்ணியவான், காரிலேயே கொண்டுவந்து இறக்கினார். வாசலில் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்து, 'தாயை வீடு சேர்த்த மகிழ்ச்சியில்' என்று போட்டார். படம் மறுபடி ஊர்வலம் கிளம்பிவிட்டது.)

4

இப்போது வனிதாவுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. சுகுணா என்பவர் நடத்தும் தையல் கூடத்தில் மேற்பார்வை. சேரக் கிளம்பிய இரண்டு தடவையும் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டாவது தடவைதான் நான் பார்த்தது. "திங்கக்கெழமையும் வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்க்கா, தப்பா நெனைக்காதீங்க" என்று சுகுணா சொல்லிவிட்டார். மகனோ, "நீ ஏம்மா அலையிற? நான் அனுப்புறேன்ல?" என்கிறான்.

"அனுப்புவான் தம்பி. அனுப்பிட்டு, எங்க போன, யாரோட போனன்னு கேப்பான்," என்றார் வனிதா. அழுகை வந்துவிட்டது. வந்த அழுகையின் மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு முந்தானையால் துடைத்தார். அழுதால் சுற்றியிருப்பவர்கள் நிஜமாகவே மனநிலை சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்களே!

அன்றைக்கு அவர் எங்கேதான் போனார்? கதைக்கு வேண்டுமே என்று எழுதிப் பார்த்தேன்.

'நார்த்தாமலைப் பாறையில் தனியாக உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக வனிதா...' சே.

'மேட்னி ஷோ இருட்டில், பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல்...' வேண்டாம்.

அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எங்க போனேன்னு ஊரே கேக்குது. பெத்தவ படத்த ஏன்டா இப்புடிப் போட்டன்னு அவன ஒருத்தரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

எழுதியிருந்த இரண்டையும் அடித்தேன்.

5

கதைக்கு யோசித்த முடிவுகளை வனிதாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு சகிதம் வனிதா பஸ் ஏறுகிறார். "நான் என்ன திருடியா?"

'இவர் காணாமல் போகவில்லை' என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். "அதையும் படம் புடிச்சுப் போடுவானுங்க."

வசந்தகுமார் லீவில் வந்து, அம்மா காலில் விழுந்து, தானே கூட்டிக்கொண்டு போய் வேலையில் விடுகிறான். எனக்கு இது பிடித்திருந்தது. கண்ணெல்லாம் கலங்கியது.

"அவன் கூட்டிட்டுப் போனா அது நான் போனதா?"

"அப்ப எப்புடித்தான்க்கா முடிக்கிறது?"

"நீங்க ஒண்ணும் முடிக்க வேணாம். நான் போய்க்கிறேன்."

6

திங்கட்கிழமை காலை. வனிதா பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையை நீட்டினார். வனிதா ஊர்ப் பெயரைச் சொன்னார், டிக்கெட் வாங்கினார். இரண்டு வருஷத்தில் இப்படிச் சாதாரணமாக ஒரு டிக்கெட் வாங்கியதில்லை அவர். எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது தெரியாததால் உங்களுக்கு என்ன குடியா முழுகிவிடும்?

பக்கத்து சீட் காலி. நான் இந்த முறை ஏறவில்லை. ஏறியது நீங்கள்.

உட்கார்ந்ததும் போனை எடுத்தீர்கள். குடும்பக் குழுவில் ஒரு படம். 'மனநிலை சரியில்லாதவர். பார்த்தவர்கள் உடனே தகவல் தரவும். தயவுசெய்து பகிரவும்.' படத்தைப் பார்த்தீர்கள். பக்கத்தில் பார்த்தீர்கள். அவரும் உங்களைப் பார்த்துவிட்டார். இந்தப் பார்வை அவருக்குப் பழக்கம். மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், வனிதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது, போனும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் ரொம்ப நல்லவர். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.