அந்தப் பக்கத்து டிஸ்க்

சிவசக்தி தான் அடித்த வரியை நான்காம் முறையாக எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்து பிசகினாலும் லேப்டாப் எழுந்திருக்காமலே போகலாம். பின்னால் அவள் வீட்டுக்காரன் சின்னராஜ் வேறு, கைகளைக் கட்டிக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி நின்றிருந்தான்.

வேடிக்கை என்னவென்றால், லேப்டாப் அவளுடையது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. கல்யாணமாகி மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு வந்தபோது சீர்வரிசையோடு ஜீப்பில் வந்து இறங்கியது. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள், இரண்டு குடித்தனம். விண்டோஸ் பக்கம் போட்டோகிராபர் சின்னராஜுக்கு, லினக்ஸ் பக்கம் அவளுக்கு. ஆனால் லினக்ஸ் எழுந்ததும் அவனுடைய டிஸ்க்கையும் தானாகவே இழுத்து வந்து அவள் முன்னால் திறந்து வைத்துவிடும். போன மாதம் இடம் போதவில்லை என்று அது கத்த, வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரைத் தன் குப்பை என்று நினைத்து அழித்துத் தொலைத்தாள். அதில் இருந்தது தலைச்சோலையில் அவன் படம் எடுத்த ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை அழுத படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காதுகுத்து நடந்த வீட்டுக்காரர் கடைவீதியில் வைத்துச் சின்னராஜை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அன்றைக்கே லேப்டாப் பீரோவுக்குள் போனது. சாவி அவன் சட்டைப்பைக்குள் போனது.

திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. ஒரு வருஷமாக ஆன்லைனில் படித்த படிப்பு. தேறினால் வீட்டிலிருந்தே வேலை தருவதாகச் சேலத்துக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கே சலித்துவிட்டது. இன்று காலை நேராகவே கேட்டாள்.

“ஏனுங்க, அர மணி நேரம் குடுங்க. உங்க டிஸ்க் எம்பக்கம் வராமயே பண்ணிடறேன்.”

“நொம்ப நல்லா பண்ணுவ. போன மாசம் பண்ணுனது பத்தாதா?”

“நீங்களே கூட நின்னு பாருங்க.”

பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே நின்றான். எழுந்ததும் எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று லினக்ஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அவன் டிஸ்க்குக்கான வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாள், தானாக இணைக்காதே என்று. சேமித்து ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரை கறுத்தது. கறுத்தபடியே இருந்தது. ஐயோ, பரீட்சையும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தாள். பிறகு மெதுவாக வெளிச்சம் வந்தது. அவளுடைய ஃபோல்டர்கள் மட்டும் இருந்தன.

“எம் போட்டோவெல்லாம் எங்க?” என்று அவன் பதறினான்.

மறுபடி ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் பக்கத்தைக் காட்டினாள். கல்யாணங்கள், ஏரிக்கரை ஜோடிகள், எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

“சரி, உன்னோடது எங்க? இதுல காணமே.”

“உங்க பக்கம் அது என்னைக்குமே தெரியாதுங்க.”

“என்னைக்குமேவா?” திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். “அப்டி என்னதான் புள்ள பண்ற அங்க?”

கல்யாணமான மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான். தன் பக்கத்தைத் திறந்து காட்ட இன்னொரு முறை ரீஸ்டார்ட் கொடுத்தாள். சின்னராஜ் அடுப்படியிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். கறுத்த திரையில் இரண்டு பேர் முகமும் தெரிய, வெளிச்சம் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.