நடுப் பெடல்

பூட்ஸின் அடியில் அப்பியிருந்த சேற்றை வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள் மின்னா. நாளைக் காலை இதைத்தான் அப்பாவுக்குப் போட்டுவிட வேண்டும். அவரிடம் வேறு பூட்ஸ் இல்லை.

முன்னறையில் சவப்பெட்டியைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ரொட்டிக்கடை ஷ்வாபின் குரல் சமையலறைவரை கேட்டது.

“என் தையல்காரன்கூட இவர மாதிரித் தொடைய அளந்ததில்ல. கண்ண மூடச் சொல்லி, காதுகிட்ட வந்து கத்துவாரு. பிரேக்க மிதிக்கணுமாம். நான் ஒரு தடவகூடத் தப்பு பண்ணல.”

“நீ வண்டியே ஓட்டினதில்லியே, தப்பு எங்கேருந்து வரும்?”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அடுப்பருகே நின்றிருந்தான் கோன்ராட். நேற்று மதியம் செய்தி வந்ததிலிருந்து அவன் உட்காரவில்லை. சரிவில் நிலக்கரி வண்டி குறுக்கே வந்திருக்கிறது. அப்பா ஓட்டிப்பார்த்த புதுக் கார் நிற்கவே இல்லை. அதற்கு பிரேக் மாட்டியவன் அவன்.

“நாலு மணிக்கு ஃபாக்டரி மேனேஜர் வர்றாரு. பிரேக்குல பின்னு போட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

“மறந்தியா, அண்ணா?”

“போட்டேனான்னு ஞாபகம் வரல. அப்போ மறந்துட்டேன்னுதானே அர்த்தம்?”

மின்னா கத்தியைத் திருப்பி இன்னும் சுரண்டினாள். சேறு பெயர்ந்த இடத்தில், வலது பூட்ஸின் தோலில், ஒரு வட்டம் பதிந்திருந்தது. ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே மெல்லிய கோடுகள்.

பிரேக் பெடல் அகலமானது, சதுரமானது. வட்டமாக இருப்பது ஆக்சிலேட்டர் மட்டும்தான்.

பஃபலோ நகரின் கார்த் தொழிற்சாலையில் ஓட்டுநர் இருக்கையையும் பெடல்களையும் வரைந்தவர் அப்பா. பத்து வருடமாக அவர் வண்டிகளில் ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலக்கோடியில். இந்த வருடக் காரில் இரண்டையும் இடம் மாற்றினார். மரத்தில் பெடல்களோடு ஓர் இருக்கை செய்து, தெருவில் போகிறவர்களைக்கூட உட்காரவைத்துச் சோதித்தார். யார் எத்தனை தடவை தப்பாக மிதித்தார்கள் என்று எழுதியவள் மின்னா. பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இருபது தடவை தேவைப்பட்டது. அதன்பிறகு யாரும் தவறவில்லை.

அவள் இழுப்பறையைத் திறந்து அந்த நோட்டை எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஷ்வாப் இருந்தார். பாதிரியார் இருந்தார். கோன்ராட் இருந்தான். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துப் பார்த்தாள்.

அப்பா ஒவ்வொரு நாளும் கையில் கடிகாரத்தோடு இருக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவளுடைய விரல் நோட்டின் மேலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“அண்ணா, இங்க பாரு.”

பூட்ஸை அவனிடம் நீட்டினாள். கோன்ராட் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கட்டைவிரலால் வட்டத்தைத் தடவினான். அந்த வட்டப் பெடலையும் பட்டறையில் அவனே மாட்டியிருந்தான்.

“இருக்காது,” என்றான்.

“பாரு.”

“அவரு மாத்தினது, மின்னா. அவருக்குத் தெரியாதா?”

“அவருக்குத் தெரியும். அவரு கால் பத்து வருஷமா வலது ஓரத்துலதானே பிரேக்க மிதிச்சுது. எல்லாரையும் உக்கார வெச்சாரு. தான் மட்டும் உக்காரல.”

முன்னறைக்குப் பாதிரியார் வந்திருக்க வேண்டும். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

“இதைக் காட்டினா, அவரு வரைபடம்தான் அவரக் கொன்னுதுன்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். நீ எதுவும் எழுதிக் குடுக்காத.”

பூட்ஸைப் பார்த்தபடியே அவன் கேட்டான்: “நிறுத்தத்தான் மிதிச்சாரா?”

“ஆமா. இவ்வளவு ஆழமாப் பதிஞ்சிருக்கே.”

கோன்ராட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டான். மேசைக்கு அடியில் அவனுடைய வலது கால் மெல்ல முன்னால் போய்த் தரையை அழுத்தியது. எடுத்தான். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி மறுபடி அழுத்தினான்.

மின்னா அவன் முன்னால் காப்பியை வைத்தாள். கால் நிற்கவில்லை.