நூலகத்துக்குள் மட்டும்

நாற்பத்து மூன்று வயதில் தையல்காரம்மா கல்லூரியில் சேர்ந்ததில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, மகளைத் தவிர. அம்மா படிப்பது மகளுக்கும் சந்தோஷம்தான். தன் கல்லூரியிலேயே வந்து படிப்பதுதான் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. என்ன செய்வது, ஊரில் இருந்ததே ஒரு கல்லூரி. அதுவும் கையகலக் கல்லூரி. இரண்டு மாடிக் கட்டடம், பின்னால் சைக்கிள் கொட்டகை, பக்கவாட்டில் நூலகம், அவ்வளவுதான். மகள் மூன்றாம் ஆண்டு பொருளாதாரம், அம்மா முதலாம் ஆண்டு வரலாறு. கல்யாணத்தின்போது ஆறே மாதத்தில் விட்ட படிப்பை, தையல் மெஷினுக்கு மத்தியானம்வரை ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி தொட்டிருந்தாள்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மகள் நிபந்தனைகளை அடுக்கினாள்.

"கேன்டீன்ல வந்து சாப்பாட்டு டப்பாவை நீட்டாத. என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேச்சுக் கொடுக்காத. முக்கியமா, லைப்ரரில என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத."

"ரோட்டுல?"

"ரோட்டுல பரவாயில்ல."

பஸ் டிரைவரான அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "என் பஸ்ல ஏறினா ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் இறங்கணுமா?"

மகள் சிரிக்கவில்லை. தையல்காரம்மா மட்டும் சத்தியம் பண்ணாத குறையாக ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான். சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காமல் அவள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

நூலகத்தில் எட்டு மேசைகள், முப்பத்தாறு நாற்காலிகள். பையை வெளியே மாடத்தில் வைத்துவிட்டு, வாசலில் கிடக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். நோட்டுக்குப் பக்கத்திலேயே நூலகரின் மேசை. முப்பத்தைந்து வயதைத் தாண்டாத பெண். வாயைத் திறந்தால் "உஷ்" என்பதைத் தவிர வேறு சொல் வராது என்று மாணவர்கள் நம்பினார்கள். அதனால் அவர் பெயர் உஷ் மேடம்.

மகள் ஜன்னலோர மேசையில் தோழிகளோடு உட்காருவாள். அம்மா அதற்கு மூன்று மேசை தள்ளி மூலையில். நான்கு மாதமாக இருவரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

தோழிகளோடு பேசக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் தானாகவே உடைந்தது. மகளின் வகுப்பில் கண்ணாடி என்று கூப்பிடப்படும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவள் சட்டைப் பொத்தான் தெறித்து மூலை மேசைக்கடியில் உருண்டது. தையல்காரம்மாவின் பென்சில் டப்பாவில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். இரண்டு நிமிடத்தில் பொத்தான் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணாடிக்கு அவள் 'அக்கா'. இடம் கிடைக்காத நாட்களில் அக்காவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அன்று மாலை வீட்டில் மகள் குதித்தாள். "மூலையில ஒரு அக்கா இருக்காங்க, தங்கமானவங்கன்னு எங்கிட்டயே சொல்றா! அவளுக்கு நீ அக்கான்னா எனக்கு நீ யாரு?"

"வீட்டுக்குள்ள அம்மா. லைப்ரரிக்குள்ள யாரோ. நீ சொன்னதுதானே?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சிவப்பு லேபிள் கண்ணில் படும்வரை.

ஒரு நாள் காலை போர்வையை மடிக்கப் போனபோது மகளின் தலையணைக்குக் கீழே செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். முதுகில் சிவப்பாக ஒட்டியிருந்தது: 'நூலகத்துக்குள் மட்டும்'. அந்த லேபிள் இருக்கிற புத்தகத்தை யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட வேண்டும்.

"இதை எப்படிடி வெளிய கொண்டு வந்த?"

"ஸ்வெட்டருக்குள்ள வச்சு."

"இந்தத் தண்டிப் புத்தகத்தையா?"

"ஒரே ஒரு காப்பிதான்மா இருக்கு. பகல்ல எவனாவது பிடிச்சு வச்சுக்கறான். இன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு செமினார். நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கு வச்சுடறேன்."

"இன்னிக்கே வை."

"இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கியிருக்கும்மா."

"அங்க உக்காந்து படி. ஊரான் பொருள் ஒரு நாள் கூடுதலா வீட்டுல கிடந்தா எனக்குச் சோறு இறங்காது."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஒரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நூலகத்துக்குள் வந்தாள். வயிற்று வலிக்காரி மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாள். மூலை மேசையிலிருந்த தையல்காரம்மா அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததுமே தலையை நோட்டுக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் கையால் பின்னியது அது. எங்கே தொங்கும், எங்கே புடைக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

மகள் அலமாரிக்குப் போனாள். சுற்றிலும் பார்த்தாள். ஸ்வெட்டரைத் தூக்கினாள். புத்தகம் கையிலிருந்து நழுவித் தரையில் மல்லாக்க விழுந்தது. அந்த அமைதியில் அது பட்டாசு வெடித்த மாதிரி கேட்டது.

உஷ் மேடம் எழுந்து வந்தார். காலையிலிருந்து இரண்டு மாணவர்கள் அதே புத்தகத்தைக் கேட்டு, அவர் அலமாரி அலமாரியாகத் தேடிக் களைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போறவங்களைப் பிடிச்சிருக்கேன். திருப்பி வைக்கிறவளைப் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை" என்றார். அவருக்கு இத்தனை வார்த்தை பேச வரும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. "கார்டைக் கொடு. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்."

"மேடம், மூணு மணிக்கு செமினார். இன்னும் ரெண்டு அத்தியாயம்..."

"அப்பா எங்க?"

"பஸ் ஓட்டிட்டு இருப்பாரு."

"அம்மா வீட்டுல இருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"வேலைக்குப் போயிருக்காங்களா?"

"இல்ல..."

"அப்ப எங்கதான் இருக்காங்க?"

மகள் தரையைப் பார்த்தாள்.

தையல்காரம்மா குனிந்த தலை நிமிரவில்லை. ஒரே வரியை நான்காவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்தால் கொடுத்த வாக்கு போச்சு. எழாவிட்டால் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லை. கால் இரண்டையும் நாற்காலிக் காலில் சுற்றிப் பின்னிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த கண்ணாடி காதருகே வந்து கிசுகிசுத்தாள். "பாவம்க்கா அவ. அவங்க அம்மா ரொம்பக் கண்டிப்பு போலருக்கு. மூணு வருஷமா எங்க கண்ணுலயே காட்டினதில்ல."

தையல்காரம்மா "ம்" என்றாள்.

"அம்மா" என்றாள் மகள், மெதுவாக. பயத்தில் முனகுகிறாள் என்று நினைத்து யாரும் திரும்பவில்லை. பிறகு மூலையைப் பார்த்துச் சற்று உரக்கச் சொன்னாள்: "ம்மா, வாயேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. தையல்காரம்மா சேலையைச் சரி செய்துகொண்டு நடந்து போனாள்.

"நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? உக்காருங்க" என்றார் உஷ் மேடம்.

"இது என் பொண்ணு மேடம்."

உஷ் மேடம் ஒரு கணம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு இரண்டும் ஒரே அச்சு. "நாலு மாசமா ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க. ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்லையே!"

"பேசக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கீங்களே மேடம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உஷ்" என்றார் மேடம், பழக்க தோஷத்தில். பிறகு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இது வீட்டுல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். தெரியாது என்று சொல், சொல் என்று கெஞ்சிய பார்வை. ஒரே ஒரு வார்த்தைதான்.

"காலையில பாத்தேன் மேடம். இன்னிக்கே கொண்டு போய் வைன்னு சொன்னேன். நேரா உங்க கையில கொடுன்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

உஷ் மேடம் பேனாவைத் திறந்தார். மகளுக்கு இரண்டு வாரம் நூலகத்துக்குள் வரக்கூடாது. தெரிந்தும் சொல்லாத உறுப்பினருக்கும் அதே விதிதான். ஆனால் திருப்பிக் கொண்டுவர வைத்ததால் அம்மாவுக்கு ஒரு வாரம் தள்ளுபடி. இரண்டு கார்டும் மேசை இழுப்பறைக்குள் போயின.

வெளியே மாடத்தில் பையை எடுக்கும்போதே மகள் பொரிந்தாள். "தெரியாதுன்னு சொன்னா என்ன? உன் கார்டாவது தப்பிச்சிருக்கும்ல?"

"சொல்லியிருக்கலாம். வாய் வரல."

"அப்ப எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்க?"

தையல்காரம்மா படியில் உட்கார்ந்தாள். "வீட்டுல இருந்தா நிமிஷத்துக்கு ஒருத்தர் கதவைத் தட்டுவாங்க, கையைக் குட்டையாக்கு, இடுப்பைப் பிடின்னு. யாரும் அளவு கொடுக்க வராத இடம்னு எனக்கு இருந்தது இது ஒண்ணுதான்டி. அதையும் கெடுத்துட்ட."

மகளுக்கு இது புதுசு. அம்மா தனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டதாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளும் படியில் உட்கார்ந்தாள்.

அரை மணி கழித்துக் கண்ணாடி ஓடி வந்தாள். பாக்கி இரண்டு அத்தியாயத்திலிருந்தும் முக்கியமானதைக் கிறுக்கலாக எழுதிய நான்கு தாள் கையில். அவற்றை மகளிடம் திணித்துவிட்டுத் தையல்காரம்மாவிடம் திரும்பி விழித்தாள். "ஆன்ட்டி... அக்கா... இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"அக்காவே இருக்கட்டும்" என்றாள் தையல்காரம்மா.

"இருக்கக் கூடாது" என்றாள் மகள்.

செமினார் சுமாராகப் போனது. ஆசிரியர் கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றுக்கு விழித்தாள், இரண்டைச் சமாளித்தாள். இரவு விஷயத்தைக் கேட்ட அப்பா, "நான் வண்டியிலிருந்து எத்தனையோ பேரை இறக்கி விட்டிருக்கேன், ஒரே குடும்பத்துல ரெண்டு பேரை இறக்கினதில்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு சமையலறைக்குள் தப்பி ஓடினார்.

அந்த வாரம் துணி வெட்டும் மேசையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இருவரும் படித்தார்கள். கதவு தட்டப்பட்டபோதெல்லாம் மகளே எழுந்து போனாள். "அம்மாவுக்குப் பரீட்சை, சாயந்திரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி வேறு தையல்காரரிடம் போய்விட்டாள். அது தையல்காரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வாரம் அம்மாவின் கார்டு வந்தது. மகள் ஒரு பட்டியல் கொடுத்தாள்: அதே புத்தகத்தில் இந்த இந்தப் பக்கத்து அட்டவணைகள். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் தையல்காரம்மா எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு வரிசையை மட்டும் இடம் மாற்றி எழுதியிருந்தாள். மகள் ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த வாரம் மகளின் கார்டும் திரும்பி வந்தது. உள்ளே போனவள் தன் ஜன்னலோர மேசைக்குத்தான் போனாள். ஆனால் சுற்றிக்கொண்டு மூலைப் பக்கமாகப் போனாள். அங்கே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "ம்மா, பேனா இருந்தா குடு" என்றாள்.

இருந்தது ஒரே பேனா. அதைக் கொடுத்துவிட்டு, தையல்காரம்மா அன்று முழுவதும் துணியில் கோடு போடும் பென்சிலால் குறிப்பெடுத்தாள்.