வெண்டல் தூக்கிய கை

லோர்னா பெசெக் தலைநகர் மேடிசனுக்குப் போய், மாநிலச் சட்டமன்றத்தில் அந்தத் துப்பாக்கி மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டாள் என்பதை வெண்டல் தொழுவத்து ரேடியோவில் கேட்டான். கையிலிருந்த தண்ணீர்க் குழாய் சிமெண்டுத் தரையைக் கழுவிக்கொண்டே இருந்தது. மசோதா தோற்றுப்போனது என்றும், சொந்தக் கட்சியை மீறி ஓட்டுப் போட்டவள் அவள் ஒருத்திதான் என்றும் செய்தி சொன்னவன் அழுத்திச் சொன்னான்.

அவளை அப்படி ஓட்டுப் போடச் சொன்னவனே வெண்டல்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது பயம். வெண்டல் சொல்லித்தான் செய்தேன் என்று எங்காவது சொல்லிவிடுவாளோ?

வடக்கு விஸ்கான்சினில், அவர்கள் இருந்த பக்கத்தில், துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. வெண்டல் வீட்டில் அப்பாவுடையதும் தாத்தாவுடையதுமாக ஒரு அலமாரி நிறைய இருந்தது. நவம்பர் மான் வேட்டை வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். லோர்னாவும் வேட்டைக்காரிதான். எல்லை வேலிக்கு இந்தப் பக்கம் வெண்டல் நிலம், அந்தப் பக்கம் அவள் நிலம். ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்தவர்கள். அவள் முதல் தேர்தலில் நின்றபோது அவளுடைய பிரசாரப் பலகைகளைச் சாலையோரமெல்லாம் அடித்து நட்டவன் வெண்டல். கட்சியின் மாவட்டக் குழுவிலும் அவன் பல வருஷமாக இருந்தான். “இன்னைக்கு சர்க்கார்காரனை ஒரு துப்பாக்கி எடுக்க விட்டா நாளைக்கு அலமாரியையே தூக்கிட்டுப் போயிடுவான்” என்று மேடை ஏறிப் பேசியவன். வாய்க்கு வந்ததைப் பேசியதில்லை. நம்பித்தான் பேசினான்.

தம்பி டேரில் சாகும்வரை நம்பினான்.

டேரிலின் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு அவன் குடியிலும் மௌனத்திலும் விழுந்தான். ஒருநாள் மத்தியானம் வெண்டல் போய்ப் பார்த்தபோது, மடியில் துப்பாக்கியோடு அடுக்களையில் உட்கார்ந்திருந்தான். “சும்மா துடைச்சிட்டிருக்கேன்” என்றான். துடைக்கிற துணியோ எண்ணெயோ எதுவும் மேஜையில் இல்லை. வெண்டல் மாவட்டப் போலீஸ் அதிகாரியான ஷெரீப்புக்குப் போன் செய்தான். “அவன் எந்தத் தப்பும் பண்ணலையே, வெண்டல். அவன் சொத்தை நான் எப்படி எடுக்கிறது? எந்தச் சட்டத்துல?” என்றார் அவர். தம்பி தூங்கும்போது, அவன் வீட்டில் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் வெண்டல். அந்த வாரமே டேரில் துப்பாக்கிக் கடைக்குப் போனான். கடைக்காரர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், எல்லாம் சரியாக இருந்தது, புதிதாக ஒன்று வாங்கினான். அடுத்த ஞாயிறு அவன் இல்லை.

வேட்டைக்குப் போன இடத்தில் விபத்து என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊர் நம்பியது, அல்லது நம்பியதுபோல் இருந்தது.

தம்பியின் பெயரை வாயில் எடுக்காமல் ஒரு குளிர்காலம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த மசோதா வந்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறவரிடமிருந்து கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை வாங்கி வைக்க நீதிபதிக்கு அதிகாரம். வீட்டார் கேட்டாலே போதும், நீதிபதி விசாரிப்பார். வெண்டல் வேலியைத் தாண்டி நடந்துபோய் லோர்னாவின் அடுக்களையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மனைவி மார்லிஸைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொல்லாதது.

லோர்னா நெடுநேரம் காபியைக் கலக்கினாள். “இதுக்கு நான் கை தூக்கினா நம்ம ஆளுங்க என் தோலை உரிச்சு வேலியில காயப் போட்டுடுவாங்கடா.”

“தெரியும்.”

“நீ என்கூட நிப்பியா?”

“நிப்பேன்” என்றான் வெண்டல். யோசிக்காமல்தான் சொன்னான். அந்த நேரத்தில் அது பொய்யும் இல்லை.

ஓட்டுக்குப் பிறகு ஊர் கொதித்தது. சாமான் கடையில், பெட்ரோல் பங்கில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடும் இடத்தில், எங்கே போனாலும் அவள் பேச்சுதான். “மேடிசன் தண்ணி குடிச்சதும் ஊர் மறந்துபோச்சு அவளுக்கு” என்றார்கள். வெண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டு மீனைத் தின்றான். ஒருமுறை யாரோ, “பக்கத்து வீட்டுக்காரன் நீ, உனக்குக்கூடத் தெரியாதா?” என்று கேட்டார்கள். “எனக்கென்ன தெரியும்?” என்றான். சொன்ன பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

அவள்மேல் கண்டனத் தீர்மானம் கொண்டுவர மாவட்டக் குழு கூடியது. பழைய சிப்பாய்கள் சங்கத்துக் கூடம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். குழுத் தலைவர் கர்ட், வெண்டலின் வேட்டைக் கூட்டாளி. ஒரே மரக்குடிலில் வருஷாவருஷம் படுத்து எழுந்தவர்கள். கர்ட் கெட்டவனில்லை. ஆனால் கட்சியை யார் கீறினாலும் தன் தோலைக் கீறியதுபோல் துடிப்பவன்.

லோர்னா தனியாக வந்தாள். வேட்டைக்குப் போடும் அதே பழைய கோட்டு. முன்னால் நின்று சொன்னாள்: “என்கிட்டயும் துப்பாக்கி இருக்கு. யாரும் வந்து பிடுங்கிட்டுப் போகட்டும்னு நான் ஓட்டுப் போடல. என் தொகுதியில ஒரு குடும்பம், கண்ணு முன்னாடி ஒருத்தனைப் பறிகொடுத்துச்சு. உதவி கேட்டாங்க, கிடைக்கல. அவங்க என்கிட்ட வந்து சொன்னாங்க. அதான்.”

“எந்தக் குடும்பம்?” என்றான் கர்ட்.

“பேர் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்டியா, இல்ல அப்படி ஒரு குடும்பமே கிடையாதா?”

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், “கதை எழுதப் போயிருக்கலாம் நீ!” என்று கத்தினான்.

லோர்னா வெண்டலைப் பார்க்கவில்லை. அதுதான் அவனைப் பிறகு வருஷக்கணக்கில் அறுத்தது. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவன் பக்கம் கண் போய்விடக் கூடாது என்று எதிர்ச் சுவரிலிருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் எழுந்து, “அந்தக் குடும்பம் நான்தான்” என்று சொல்வதற்கு இடம் இருந்தது, நேரமும் இருந்தது. அவன் எழவில்லை. சொன்னால் டேரில் எப்படிச் செத்தான் என்பது வெளியே வரும். வேட்டைக் குடிலில் தன் கட்டில் காலியாகும். துரோகி என்பார்கள். எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது.

“தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. தூக்காமல் இருந்திருக்கலாம், யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் இடது பக்கத்துக்காரன் தூக்கினான், வலது பக்கத்துக்காரனும் தூக்கினான். வெண்டலும் தூக்கினான். தோளுக்கு மேலே, நன்றாகத் தெரியும்படி.

அப்போதுதான் லோர்னா பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தெரிந்தவர் ஒருவரை வழியில் பார்த்து, அவர் தவிர்க்க விரும்புகிறார் என்று புரிந்ததும் நாம் பார்வையை எடுத்துக்கொள்வோமே, அப்படி எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் சொன்னான். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் தூக்குனியா?”

“எல்லாரும் தூக்கினாங்க.”

“நான் எல்லாரையும் கேக்கல” என்றாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

ஆகஸ்டில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் லோர்னா மோசமாகத் தோற்றாள். ஓட்டுச் சாவடியில் திரைக்குப் பின்னால் வெண்டல் அவளுக்குத்தான் குத்தினான். வெளியே வந்தபோது அதுவும் ஒரு கோழைத்தனமாகத்தான் பட்டது. யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் அவனுக்கு முதுகெலும்பு இருந்தது.

மறுநாள் வேலியைத் தாண்டிப் போனான். அதே அடுக்களை. அவள் காபி வைக்கவில்லை.

“மன்னிச்சிரு லோர்னா. நான் நின்னிருக்கணும்.”

“ஆமா.”

“டேரில் விஷயம் வெளிய வந்துடுமோன்னு...”

“அதனாலதானே நான் பேர் சொல்லல?” என்றாள். “நீ நிக்கலைங்கிறது எனக்குப் புரியுது வெண்டல். பயந்துட்ட. ஆனா உக்காந்தே இருந்திருக்கலாமே. கையை எதுக்குடா தூக்கின?”

வெண்டலுக்கு அழுகை வந்தது.

“இங்க வந்து என்கிட்ட அழாதே” என்றாள், மெதுவாகத்தான். “எனக்குத் தெரிஞ்ச கதையை எனக்கே சொல்றே. தெரியாதவன்கிட்டப் போய்ச் சொல்லு.”

செப்டம்பர் கூட்டத்தில் வெண்டல் எழுந்தான். பேச வேண்டிய விஷயம் திருவிழா ஊர்வலத்துக்கு வண்டி ஜோடிப்பது. “நான் ஒண்ணு சொல்லணும்” என்றான். டேரிலைப் பற்றிச் சொன்னான். ஷெரீப், கடை, ஞாயிறு, எல்லாம். லோர்னா சொன்ன குடும்பம் நாங்கள்தான் என்றான். நடுவில் நிறுத்தாமல் முடித்தான்.

ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒருவர், “இருந்தாலும் சட்டம் சட்டம்தான்” என்று முணுமுணுத்தார். கதவருகில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் கர்ட் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அவன் பின்னாலேயே வந்தான். வெண்டல் வசவுக்குத் தயாராக நின்றான்.

“ஏண்டா அன்னைக்கே சொல்லல?” என்றான் கர்ட். கண் சிவந்திருந்தது. “டேரில் எனக்கும் தம்பிதானேடா. அவன்தான்னு தெரிஞ்சிருந்தா அந்தத் தீர்மானத்தைக் கூட்டத்துக்கே கொண்டுவந்திருக்க மாட்டேன். அந்தப் பொம்பளையைப் பொய்க்காரின்னு நான் ஊர் முன்னாடி சொல்லிட்டேனே!”

வெண்டல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்சி தன்னை வெட்டிவிடும் என்று பயந்துதான் அவளை விட்டுக்கொடுத்தான். கட்சி என்று அவன் பயந்தது இந்த மனிதனைத்தான். இவனை ஒரு வார்த்தை கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. வசவு விழுந்திருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

கர்ட் அடுத்த நாள் லோர்னா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான் என்று கேள்வி. அவனுக்கு அவள் காபி கொடுத்தாளாம்.

வெண்டலுக்கு அவளிடமிருந்து போன் மட்டும் வந்தது. “சொன்னியாமே” என்றாள்.

“சொன்னேன்.”

“சரி.” பின்னணியில் அவள் நாய் குரைத்தது. “வடக்கு மூலையில வேலி சாஞ்சு கிடக்கு. உன் பக்கம் நீ நிமித்து, என் பக்கம் நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவன் போனான். அவள் பக்கத்துக் கம்பங்கள் ஏற்கெனவே நிமிர்ந்திருந்தன. அவன் வருவதற்கு முன்பே அவள் வந்துபோயிருந்தாள்.