தலைவரின் பின்சில்லு

தீவக வேகக் கார் அபிமானிகள் சங்கத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். கார் வைத்திருந்தவர் தலைவர் சதீசன் ஒருவர்தான். மற்ற நால்வரிடமும் அபிமானம் இருந்தது.

"முன்சில்லு இழுக்கிற கார் ஒரு காரே?" என்பார் தலைவர். "ஆட்டைக் கயித்தில கொண்டுபோற மாதிரி. பின்சில்லு தள்ளவேணும். அதுதான் வேகம்."

நான்கு தலைகளும் ஆடும். வீட்டுக்குத் திரும்பிப் போகவும் அவருடைய கார்தானே.

இந்த நேரத்தில்தான் சுருவில் ஊர் ஜொய்சி, சீறிப் பாயும் ஒரு சிவப்புக் காரோடு வந்து சங்கத்தில் சேரக் கேட்டாள். அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஓட்டப் போட்டிக்குச் சங்க உறுப்பினர்களை மட்டுமே எடுப்பார்கள். அவளுடைய காரை இழுப்பது முன்சில்லு.

"சரவணைத் தரவைப் புல்வெளியில என்னோட ஓடிக் காட்டும்," என்றார் சதீசன். "வெண்டால் சேர்ப்பம்."

காலையில் மழை தூறியிருந்தது. புல்லுக்குக் கீழே களி வழுக்கியது. தலைவர் தன் காரின் பின்சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்.

"தம்பி, அது முன்சில்லுக்கல்லோ வைக்கிறது?" என்றார் செயலாளர் வல்லிபுரம்.

"பவர் எங்க போகுதோ அங்கதான் வைக்கவேணும், அண்ணை."

பவரைக் கண்ணால் பார்க்கலாமென்று வல்லிபுரம் வெள்ளை வேட்டியோடு காருக்குப் பின்னால் போய் நின்றார்.

கொடி விழுந்தது. பவர் வந்தது. முதலில் ஒரு எலுமிச்சம்பழம் வல்லிபுரத்தின் வயிற்றில் பட்டது. பிறகு தரவையில் பாதி அவருடைய வேட்டிக்கு வந்தது. தலைவரின் கார் இரண்டு முறை தன்னைத் தானே சுற்றி, புறப்பட்ட இடத்தைப் பார்த்தபடி களிக்குள் இருந்துவிட்டது. ஜொய்சி அந்தம் வரை போய்த் திரும்பி வந்து, காருக்குள் கிடந்த தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளக் கயிற்றை எடுத்து இரண்டு காருக்கும் நடுவே கட்டினாள்.

சதீசன் கண்ணாடியை இறக்கினார். "உண்மையில பாத்தால், முன்சில்லுதான் எங்கட பண்பாடு. தேரைப் பின்னால நிண்டே தள்ளுறம்? வடம் பிடிச்சு முன்னால நிண்டுதானே இழுக்கிறம். நான் இதைக் கனகாலமாச் சொல்லுறனான்."

நான்கு தலைகளும் ஆடின. பழைய கருத்துக்கு ஆடிய அதே ஆட்டம்.

ஜொய்சி எஞ்சினை நிறுத்தினாள். "அப்ப நான் சங்கத்திலயோ, அண்ணை?"

"அதுக்குச் செயற்குழு கூடவேணும், தங்கச்சி."

"ஓம், கூடட்டும். நான் கயித்தை அவிழ்க்கிறன்."

மழை மறுபடி தூறியது. களி தலைவரின் கதவைத் தொட்டது.

"செயற்குழு கூடியாச்சு," என்றார் வல்லிபுரம், முழங்கால் வரை களியில் நின்று. "ஏகமனதாச் சேர்த்தாச்சு. இழு பிள்ளை."

முன்னால் ஜொய்சி இழுத்தாள். பின்னால் செயற்குழு தள்ளியது. நடுவில் தலைவரின் பின்சில்லு மட்டும் சும்மா சுழன்று, மிச்சமிருந்த வேட்டிகளுக்கும் நிறம் கொடுத்தது. கார் ஒருவழியாக வீதியில் ஏறியது. அதன் எஞ்சின்தான் இனி ஏலாது என்று அணைந்துவிட்டது. கயிறு கட்டியபடியே ஊர்வலம் சரவணை ஊருக்குள் போனது.

வீதியோர வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு யோகம்மா வெளியே வந்தாள். "என்ன அண்ணை, இண்டைக்கு ஆர் வீதியுலா?"

"எங்கட தலைவர்," என்றார் காரைத் தள்ளிக்கொண்டு வந்த வல்லிபுரம். "புது உறுப்பினர் எழுந்தருளப் பண்ணுறா."

சதீசன் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, வீதியின் இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டு போனார்.